ப்ளூ போஸா: இரண்டு ஸ்வரம் மாறும் இடம்

ஜாஸ் கற்க வருபவர் கையில் முதல் சில மாதங்களிலேயே வந்து சேரும் உருப்படி ‘ப்ளூ போஸா’. பதினாறே பார் (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளக் கட்டம்), அவசரமில்லாத நடை, ஒரு தடவை கேட்டாலே முணுமுணுக்க வரும் மெட்டு. சுலபம் என்று பெயர் வாங்கியதாலேயே இதைப் பாதி கற்றதோடு விட்டுவிடுபவர்கள் அதிகம். சி மைனர் பென்டடானிக்கை (ஐந்து ஸ்வர வரிசை) மேலும் கீழும் உருட்டினால் முக்கால்வாசி நேரம் பிழையாகக் கேட்காது. மீதிக் கால்வாசி, அதாவது 9 முதல் 12 வரையிலான நான்கு பார், உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த உருப்படியில் கற்க வேண்டியதில் பாதிக்கு மேல் அந்த நான்கு பாருக்குள் நுழைவதிலும் வெளியேறுவதிலும்தான் இருக்கிறது. அதனால் இங்கே அதற்கே அதிக இடம்.

ட்ரம்பெட் கலைஞர் கென்னி டோர்ஹாம் எழுதியது இது. 1963 ஜூன் 3 அன்று நியூ ஜெர்சியில் வான் கெல்டர் ஸ்டுடியோவில், ஜோ ஹெண்டர்சனின் ‘பேஜ் ஒன்’ ஆல்பத்துக்காக ப்ளூ நோட் நிறுவனம் பதிவு செய்தது. டெனர் சாக்ஸில் ஹெண்டர்சன், ட்ரம்பெட்டில் டோர்ஹாம், பியானோவில் மெக்காய் டைனர், பேஸில் புட்ச் வாரன், டிரம்ஸில் பீட் லா ரோகா. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டான் கெட்ஸும் சார்லி பேர்டும் ‘ஜாஸ் சம்பா’ வெளியிட்டு, அமெரிக்காவில் போஸா நோவா என்ற பிரேசில் இசைப் பாணியின் மோகம் கிளம்பியிருந்தது. ஆக, தாளம் பிரேசிலிலிருந்து வந்தது. உடம்பு முழுக்க ப்ளூஸில் ஊறிய ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணி. வாசிக்கும்போது இந்த இரண்டும் வேண்டும். மென்மையை மட்டும் பிடித்துக்கொண்டால் லிஃப்டுக்குள் ஓடும் பின்னணி இசை ஆகிவிடும். ப்ளூஸை மட்டும் பிடித்துக்கொண்டால் தாளத்தின் எடையின்மை போய்விடும்.

முதலில் கார்ட்களின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின், வரைபடம். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை.

பார் 1–2: சி மைனர் 7
பார் 3–4: எஃப் மைனர் 7
பார் 5: டி ஹாஃப் டிமினிஷ்ட், பார் 6: ஜி 7
பார் 7–8: சி மைனர் 7
பார் 9: ஈ ஃபிளாட் மைனர் 7, பார் 10: ஏ ஃபிளாட் 7
பார் 11–12: டி ஃபிளாட் மேஜர் 7
பார் 13: டி ஹாஃப் டிமினிஷ்ட், பார் 14: ஜி 7
பார் 15: சி மைனர் 7
பார் 16: டி ஹாஃப் டிமினிஷ்ட் இரண்டு எண்ணிக்கை, ஜி 7 இரண்டு எண்ணிக்கை

இவை பியானோ, கிட்டார், பேஸுக்கான பெயர்கள். ட்ரம்பெட், சாக்ஸ் போன்றவற்றில் எழுதும் ஸ்வரமும் ஒலிக்கும் ஸ்வரமும் வேறு. அதனால் ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸும் வாசிப்பவர்களுக்கு எழுத்தில் இது டி மைனர். நடுவே வருவது ஈ ஃபிளாட் மேஜர். ஆல்டோ சாக்ஸுக்கு ஏ மைனரும் பி ஃபிளாட் மேஜரும்.

எந்த வாத்தியமாக இருந்தாலும் முதல் மூன்று நாள் பேஸ் கோட்டை மட்டும் வாசியுங்கள், கூடவே பாடுங்கள். ரூட்டும் (கார்ட்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்) ஐந்தாவது ஸ்வரமும் போதும்: சி–ஜி, எஃப்–சி, ஜி–டி, இப்படி. முதல் எண்ணிக்கையில் ரூட் விழுந்து ஒன்றரை எண்ணிக்கை நிற்கும். இரண்டாவதின் பின்பாதியில் ஒரு சின்னத் தட்டு. அது மூன்றாவதில் விழும் ஐந்தாவது ஸ்வரத்துக்கு உந்துதல். நான்காவதின் பின்பாதியில் மறுபடி அதே தட்டு, அடுத்த பாருக்குத் தள்ளிவிட. இங்கே பழக்கதோஷத்தில் நடக்கும் பிழை ஒன்று உண்டு. டி ஹாஃப் டிமினிஷ்டின் ஐந்தாவது ஸ்வரம் ஏ ஃபிளாட். கை தன்னிச்சையாக ஏ-க்குப் போகும். போனால் மேலே கார்ட் வாசிப்பவரின் ஏ ஃபிளாட்டோடு அது நேருக்கு நேர் மோதும். யார் தப்பு என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தாளத்துக்கு வருவோம். ஜாஸ் வாசித்துப் பழகிய கைக்கு எட்டாம் பங்கு ஸ்வரங்களை (அரை எண்ணிக்கை நீளமுள்ளவை) ஊசலாட்டி, அதாவது ஸ்விங் செய்து, வாசிப்பது ரத்தத்தில் இருக்கும். போஸாவில் அது கூடாது. இரண்டு பாதியும் சம நீளம். மேலே ஓடும் அடிக்கோலத்தைப் புத்தகங்கள் போஸா கிளேவ் என்று வரைந்து காட்டும்; இரண்டு பாரில் ஐந்து அடி. முதல் பாரில் 1, இரண்டின் பின்பாதி, 4. இரண்டாம் பாரில் 2, மூன்றின் பின்பாதி. இதை எண்ணிப் பழகுவதைவிடச் சொல்லிப் பழகுவது வேகம். இரண்டு பாரில் மொத்தம் பதினாறு எட்டாம் பங்கு ஸ்வரம். இந்த அடிகளுக்கு இடையே உள்ள தூரம் 3, 3, 4, 3, 3. நமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால்: தகிட தகிட தகதிமி தகிட தகிட. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கைதட்டி, காலால் நேரான நான்கு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சொல்லுங்கள். கால் தடுமாறாமல் கை விழுந்தால் பாடத்தில் பாதி முடிந்தது. முதலில் நிமிடத்துக்கு 80 என்று மெட்ரோனோம் வையுங்கள். 80-ல் ஒரு சுற்று 48 நொடி; 120-ல் 32 நொடி. மேடையில் பெரும்பாலும் 140-ஐ ஒட்டி வாசிப்பார்கள். 120-ல் நிம்மதியாக மூச்சு விட வருகிறவரை அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஐந்து அடியை இரும்புச் சட்டமாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இரண்டு பாரிலும் பிசகாமல் கார்ட்டை அடித்துக்கொண்டே இருப்பவரோடு வாசிப்பது பெரிய தண்டனை. பிரேசில் கிட்டார்காரர்கள் அப்படி வாசிப்பதில்லை. அங்கே கட்டைவிரல் முதல், மூன்றாம் எண்ணிக்கைகளில் அமைதியாக நடக்கும். மற்ற விரல்கள் பேச்சைப்போல முன்பின்னாக விழும். அடுத்த பாரின் கார்ட் முந்தைய பாரின் கடைசி அரை எண்ணிக்கையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். இந்த முந்துதல்தான் போஸாவுக்கு மிதப்பைத் தருகிறது.

மெட்டு ஜி-யில் தொடங்கி ஒரு முழு ஆக்டேவ் (ஸ்தாயி) தாவி மேல் ஜி-க்குப் போய், அங்கிருந்து படிப்படியாக இறங்குகிறது. தொடங்கும் அந்தக் கீழ் ஜி முதல் பாருக்குள் இல்லை. அதற்கு முன்பு நான்காம் எண்ணிக்கையில் இருக்கிறது. கணக்கு எண்ணுபவர் ‘ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு ரெண்டு மூணு’ என்று சொல்லி நிறுத்தும் இடத்தில் உங்கள் ஜி விழ வேண்டும். இதைக் கவனிக்காமல் முதல் எண்ணிக்கையில் ஜி-யை வைத்தால் மெட்டு முழுவதும் ஒரு எண்ணிக்கை பின்தங்கும். பேஸ் வாசிப்பவர் உங்களுக்காக விட்டுக்கொடுப்பாரா, கார்ட் வாசிப்பவர் விட்டுக்கொடுப்பாரா என்ற குழப்பம் இரண்டாம் சுற்றுவரை நீளும்.

மெட்டைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் காதால் எடுங்கள். பிறகு அதையே சங்கதி போடுவதுபோல மாற்றுங்கள். முதல் சுற்றில் உள்ளபடி. இரண்டாவதில் நீண்ட ஸ்வரங்களின் நீளத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவதில் இறங்கும் வரிகளின் முதல் ஸ்வரத்தை அரை எண்ணிக்கை முன்னால் இழுங்கள். நான்காவதில் ஒவ்வொரு வரியின் கடைசியில் மட்டும் சொந்தமாக இரண்டு ஸ்வரம் சேருங்கள். இம்ப்ரொவைசேஷன் (மனோதர்மமாக வாசிப்பது) என்பதை ஸ்கேலிலிருந்து ஆரம்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல். உருப்படியின் வடிவம் உள்ளே ஏறிவிடும். சோலோவில் தொலைந்துபோனாலும் மெட்டு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி அந்த நான்கு பார்.

8-ஆம் பார்வரை நாம் சி மைனர் வீட்டில் இருக்கிறோம்: சி, டி, ஈ ஃபிளாட், எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி ஃபிளாட். 9-இலிருந்து 12 வரை டி ஃபிளாட் மேஜர்: டி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப், ஜி ஃபிளாட், ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி. பெயரைக் கேட்டால் ஏதோ வேற்றூர்போலத் தெரியும். ஆனால் இரண்டு வரிசையையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஐந்து ஸ்வரம் பொது. மாறுவது இரண்டே இரண்டு: டி அரைப்படி இறங்கி டி ஃபிளாட் ஆகிறது, ஜி அரைப்படி இறங்கி ஜி ஃபிளாட் ஆகிறது. 9-ஆம் பாரில் சறுக்குபவர்கள் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றில்தான் சறுக்குகிறார்கள், பெரும்பாலும் ஜி-யில். ஏனென்றால் முந்தைய எட்டுப் பாரிலும் அந்த ஜி-தான் நமக்கு நடுத்தூண்.

அந்தப் பொதுவான ஐந்தையும் சி-யிலிருந்து வரிசைப்படுத்தினால் சி, ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடிபடும்: சி-யை ஸட்ஜமாக வைத்த ஹிந்தோளம். மேலைக் கணக்கில் இதையே எஃப் மைனர் பென்டடானிக் என்பார்கள். இந்த ஐந்தை மட்டும் வைத்துப் பதினாறு பாரையும் கடந்துவிடலாம். டி ஃபிளாட் மேஜர் 7-இன் மேல் இவை 7, 9, 3, 5, 6-ஆம் ஸ்வரங்களாக விழுகின்றன, சொகுசான இடங்கள். சி மைனரின் மேல் ஏ ஃபிளாட்டில் நீண்ட நேரம் நிற்காமல் கடந்துபோனால் போதும். ஜி 7-இன் மேல் மட்டும் சி-யில் நிற்காதீர்கள். கார்ட்டில் இருக்கும் பி-யோடு அது உரசும். ஒரு வாரம் இந்த ஐந்து ஸ்வரத்தில் மட்டும் சோலோ வாசித்துப் பாருங்கள். சுருக்கம் பழகும், தாளத்தைக் கவனிக்க மனசு காலியாக இருக்கும். ஆனால் இதோடு நின்றுவிடவும் கூடாது. ஏனென்றால் உருப்படி நிறம் மாறுவதே அந்த மற்ற இரண்டு ஸ்வரங்களில்தான். அவற்றைத் தொடாத சோலோ வழவழவென்று ஓடும். கேட்பவருக்கு 9-ஆம் பாரில் ஏதாவது நடந்தது என்றே தெரியாது.

நம் காதுக்கு இங்கே இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆதார சுருதி நகராது என்ற பழக்கம். இந்த நான்கு பாரில் ஸட்ஜமே அரைப்படி மேலே போய்விடுகிறது: சி-யை வைத்த நடபைரவியிலிருந்து டி ஃபிளாட்டை வைத்த சங்கராபரணத்துக்கு. கிரகபேதம் அல்ல இது. அதில் ஸ்வரங்கள் அப்படியே இருக்க ஆதாரம் மட்டும் மாறும், இங்கே இரண்டு ஸ்வரமும் கூடவே மாறுகின்றன. சுருதிப் பெட்டியில் சி-யை ஓடவிட்டு இதைப் பழகாதீர்கள். பேஸ் கோட்டைப் பதிவு செய்து அதன்மேல் பழகுங்கள்.

இப்போது நுழைவாயில். 8-ஆம் பாரின் கடைசியில் ஜி-யில் நில்லுங்கள். 9-ஆம் பாரின் முதல் எண்ணிக்கையில் ஜி ஃபிளாட்டுக்கு இறங்குங்கள். அது ஈ ஃபிளாட் மைனரின் மூன்றாவது ஸ்வரம். அதையே 10-ஆம் பாருக்கும் பிடித்துக்கொள்ளலாம். ஏ ஃபிளாட் 7-இன் ஏழாவது ஸ்வரமாகிவிடும். 11-இல் எஃப்-க்கு இறங்குங்கள், டி ஃபிளாட்டின் மூன்றாவது. அதே எஃப் 12, 13, 14 ஆகிய மூன்று பாரிலும் பொருந்தும். 15-இல் ஈ ஃபிளாட், சி மைனரின் மூன்றாவது. ஜி, ஜி ஃபிளாட், எஃப், ஈ ஃபிளாட். நான்கு ஸ்வரத்தில் எட்டுப் பார் முடிந்தது. இதை மட்டும் நீட்டி வாசித்தாலே கார்ட் மாறுவது கேட்பவருக்குத் தெள்ளத்தெளிவாகத் தெரியும்.

இன்னொரு கோடு இதைவிட நெருக்கமானது. பி ஃபிளாட், பி, சி, டி ஃபிளாட் என்று பக்கத்துப் பக்கத்து நான்கு ஸ்வரத்தில் முழு உருப்படியும் அடங்கும். 1, 2-இல் பி ஃபிளாட், 3, 4, 5-இல் சி, 6-இல் பி, 7, 8-இல் பி ஃபிளாட், 9-இல் டி ஃபிளாட், 10 முதல் 13 வரை சி, 14-இல் பி, 15-இல் பி ஃபிளாட், 16-இல் முதல் பாதி சி, பின்பாதி பி. இந்த இரண்டு கோடுகளையும் பாடத் தெரிந்தவர் உருப்படியைத் தெரிந்தவர். தினமும் வாத்தியத்தைத் தொடுமுன் இரண்டு தடவை பாடுங்கள். 80-ல் இரண்டரை நிமிடம்கூட ஆகாது.

வெளியேறும் வாசல், அதாவது 12-இலிருந்து 13, இதைவிட அழகு. டி ஃபிளாட் மேஜர் 7-இல் இருப்பவை டி ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், சி. டி ஹாஃப் டிமினிஷ்டில் இருப்பவை டி, எஃப், ஏ ஃபிளாட், சி. மூன்று ஸ்வரம் அசையவே இல்லை. அடியில் இருப்பது மட்டும் அரைப்படி ஏறுகிறது. கிட்டாரில் இது கண்ணுக்கே தெரியும்: ஐந்தாம் கம்பியில் 4-ஆம் ஃபிரெட், நான்காம் கம்பியில் 6, மூன்றாம் கம்பியில் 5, இரண்டாம் கம்பியில் 6. இது டி ஃபிளாட் மேஜர் 7. ஐந்தாம் கம்பியில் இருக்கும் விரலை மட்டும் 5-ஆம் ஃபிரெட்டுக்கு நகர்த்தினால் டி ஹாஃப் டிமினிஷ்ட். மொத்தக் கையையும் தூக்கி வைப்பவர்கள் இந்த நகர்வின் மென்மையை இழந்துவிடுகிறார்கள். சோலோவிலும் அப்படித்தான். 12-ஆம் பாரில் சி-யிலோ எஃப்-லோ ஏ ஃபிளாட்டிலோ நின்று, அசையாமல் அப்படியே 13-க்குள் நுழையலாம். கீழே தரை நகர்வதைப் பேஸ் பார்த்துக்கொள்ளும்.

9–11-க்கு ஒரு வாசிப்புத் துண்டு, கையில் ஏற்றிக்கொள்ள. எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக 9-இல் ஜி ஃபிளாட், எஃப், ஈ ஃபிளாட், டி ஃபிளாட் இறங்கி, 10-இல் சி, ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட் ஏறி, 11-இல் ஏ ஃபிளாட்டில் நில்லுங்கள். இரண்டு பாரின் முதல் ஸ்வரமும் அந்தந்தக் கார்ட்டின் மூன்றாவது ஸ்வரம் என்பதைக் கவனியுங்கள். இது பாடப்புத்தக வாடை அடிக்கும், உண்மைதான். சரளமானதும் ஒவ்வொரு பாரின் முதல் ஸ்வரத்தையும் அரை எண்ணிக்கை முன்னால் தள்ளுங்கள். பிறகு ஏதாவது மூன்று ஸ்வரத்தைத் தூக்கி எறியுங்கள். வாடை போய்விடும்.

அடுத்துக் கவனம் வேண்டிய இடம் ஜி 7. சி மைனரில் பி கிடையாது, பி ஃபிளாட்தான் உண்டு. ஆனால் ஜி 7 தன் பலத்தை பி-யிலிருந்துதான் எடுக்கிறது. 6, 14-ஆம் பார்களில் பி ஃபிளாட்டை பி ஆக்கினால் சி-யை வைத்த கீரவாணி வந்துவிடும். கைக்கு எளிய வழி: பி, டி, எஃப், ஏ ஃபிளாட் என்ற நான்கை எந்த வரிசையிலும் வாசியுங்கள். தீர்வும் பக்கத்திலேயே இருக்கிறது: பி மேலே சி-க்கும், ஏ ஃபிளாட் கீழே ஜி-க்கும், எஃப் கீழே ஈ ஃபிளாட்டுக்கும் போகும். இந்த நான்கும் மூன்று மூன்று ஃபிரெட் தள்ளி ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வருவதால் கிட்டார்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஏணியேற ஆசைப்படுவார்கள். ஒரு சோலோவுக்கு ஒரு தடவை போதும்.

ப்ளூஸ் எங்கே வருகிறது? சி ப்ளூஸ் ஸ்கேலில் சி, ஈ ஃபிளாட், எஃப், ஜி ஃபிளாட், ஜி, பி ஃபிளாட். 1 முதல் 8 வரை, மறுபடி 13 முதல் 16 வரை, இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இந்த உருப்படியின் சோல் ஜாஸ் மணம் அங்கிருந்துதான் எழுகிறது. 9-இல் ஜி-யை அழுத்தினால் கெட்டுவிடும் என்பதைப் பார்த்தோம். ஆனால் அந்த ஸ்கேலில் ப்ளூஸ் மணத்தைத் தரும் ஸ்வரத்தை, ‘ப்ளூ நோட்’ என்பதை, பாருங்கள்: ஜி ஃபிளாட். எட்டுப் பாரில் வெறும் விருந்தாளியாக, எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவே வழுக்கிக்கொண்டிருந்த ஸ்வரம் 9-ஆம் பாரில் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறது. ஆகவே 7, 8-ஆம் பார்களில் ஜி ஃபிளாட்டை ப்ளூஸ் பாணியில் இரண்டு தடவை இழுத்து வாசித்துவிட்டு, 9-இல் அதிலேயே ஊன்றி நின்றால், கேட்பவர் காதில் சுருதி மாறிய அதிர்ச்சியே இருக்காது. தானாகக் கதவு திறந்ததுபோல இருக்கும். 11-இல் மட்டும் அதை விட்டு எஃப்-க்கு இறங்கிவிட வேண்டும். டி ஃபிளாட் மேஜருக்கு ஜி ஃபிளாட் நான்காவது ஸ்வரம், நின்றால் மூன்றாவதோடு உரசும். என்னைக் கேட்டால் இந்த உருப்படியில் கற்க வேண்டிய ஒரே தந்திரம் இதுதான்.

பியானோ வாசிப்பவரின் இடது கைக்கு ரூட்டை விட்டுவிட்ட வடிவங்கள் பொருத்தம்; ரூட்டைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். சி மைனருக்கு பி ஃபிளாட், டி, ஈ ஃபிளாட், ஜி. டி ஹாஃப் டிமினிஷ்டுக்கு சி, டி, எஃப், ஏ ஃபிளாட். அதில் சி-யை மட்டும் பி-க்கு இறக்கினால் ஜி 7 ஃபிளாட் 9. ஈ ஃபிளாட் மைனருக்கு பி ஃபிளாட், டி ஃபிளாட், எஃப், ஜி ஃபிளாட். அதில் டி ஃபிளாட்டை சி-க்கு இறக்கினால் ஏ ஃபிளாட் 7. டி ஃபிளாட் மேஜருக்கு ஏ ஃபிளாட், சி, ஈ ஃபிளாட், எஃப். அதில் ஈ ஃபிளாட்டை டி-க்கு இறக்கினால் மறுபடி டி ஹாஃப் டிமினிஷ்ட். ஒரு விரல், ஒரு அரைப்படி. கை நடு சி-யைச் சுற்றியே இருக்கட்டும்; அதற்கு ரொம்பக் கீழே போனால் பேஸோடு சேர்ந்து குழம்பாகிவிடும்.

சோலோவில் பெரும்பாலோர் செய்யும் பிழை நிறைய வாசிப்பது. நேரான எட்டாம் பங்கு ஓட்டம் நிற்காமல் போனால் போஸா தையல் இயந்திரம் ஆகிவிடுகிறது. பழக்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு: இரண்டு பார் வாசிப்பு, இரண்டு பார் மௌனம். அடுத்த நாள் மௌனத்தை 1-இலும் வாசிப்பை 3-இலும் தொடங்குங்கள். மூன்றாம் நாள் ஒவ்வொரு வரியும் 8-இல் தொடங்கி 9-க்குள் முடியட்டும். பார் கோடுகளில் வெட்டி வெட்டி நிறுத்தும் பழக்கம் அங்கேதான் உடையும். ஊதும் வாத்தியக்காரர்களுக்கு மூச்சு இந்தப் பாடத்தைத் தானே கற்றுக்கொடுக்கும். கிட்டாரும் பியானோவும் வாசிப்பவர்கள் வரியை வாயால் பாடிக்கொண்டே வாசித்தால் அதே மூச்சு கிடைக்கும்.

அசல் பதிவிலிருந்து டோர்ஹாமின் சோலோவில் ஒரு சுற்றை, பதினாறே பாரை, காதால் எடுத்து அவரோடு சேர்ந்து வாசியுங்கள். முழு சோலோவையும் எழுதி முடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் அநேகமாக நாற்பதாவது பாரில் செத்துவிடும். எடுத்த ஒரு சுற்றில் அவர் 9-ஆம் பாரில் என்ன செய்கிறார், 13-இல் என்ன செய்கிறார் என்பதை மட்டும் தனியே பிரித்து, வேறு இரண்டு சுருதிகளுக்கு மாற்றுங்கள்.

குழுவாக வாசிக்கும்போது தொடங்குமுன் பேசித் தீர்க்க வேண்டியவை மூன்று. சோலோவிலும் போஸாவிலேயே இருப்பதா, அல்லது ஸ்விங்குக்கு மாறுவதா. இரண்டும் நடப்பில் உண்டு. பேஸ் ஒருவிதமும் டிரம்ஸ் வேறுவிதமும் முடிவெடுத்தால் மேடையிலேயே தெரிந்துவிடும். ஒருவருக்கு எத்தனை சுற்று. பதினாறு பார் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் மூன்று நான்கு சுற்று நியாயம், பத்து சுற்று அடாவடி. டிரம்ஸ் எவ்வளவு மெல்ல. ஸ்னேரில் குச்சியைப் படுக்கவைத்து விளிம்பில் தட்டும் கிராஸ் ஸ்டிக், 2, 4-இல் காலால் மூடும் ஹைஹாட், முணுமுணுப்பு அளவுக்கு பேஸ் டிரம். பேஸ் டிரம் காதுக்குத் தனியாகக் கேட்டால் சத்தம் அதிகம் என்று பொருள்.

தொலைந்துபோகும் இடம் எப்போதும் 16-ஆம் பார். ஒரே பாரில் இரண்டு கார்ட் வருவதால் சுற்று முடிந்துவிட்டதா, இன்னும் ஒரு பார் இருக்கிறதா என்ற சந்தேகம் வரும். 13, 14, 15 என்பது முழு வாக்கியம். 16 அதே வாக்கியத்தை அவசரமாகச் சொல்வது என்று காதில் பதித்துக்கொள்ளுங்கள். தொலைந்தே போனால் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பேஸைக் கேளுங்கள். அது டி ஃபிளாட்டில் வந்து இரண்டு பார் நிற்கும் இடம் உருப்படியில் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஏறிக்கொள்ளலாம்.

முடிக்கும்போது கடைசி நான்கு பாரின் மெட்டை மூன்று தடவை வாசிப்பது வழக்கம். மெட்டு வாசிப்பவர் முதல் தடவையின் கடைசியில் தலையைத் தூக்கி மற்றவர்களைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டிரம்ஸ் அங்கேயே முடித்துவிடும். முதல் இரண்டு தடவையும் 16-ஆம் பாரின் இரண்டு கார்ட்டும் வரும், திரும்பிப் போவதற்காக. மூன்றாம் தடவை அவை வரக்கூடாது. 15-ஆம் பாரின் சி மைனரிலேயே எல்லோரும் நின்றுவிட வேண்டும். அந்தக் கார்ட்டில் பி ஃபிளாட்டை எடுத்துவிட்டு ஏ-யும் டி-யும் சேர்த்து சி மைனர் 6/9 ஆக்கினால் பாட்டு காற்றில் தொங்கியபடி முடியும். ஆனால் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒருவர் பி ஃபிளாட்டும் இன்னொருவர் ஏ-யும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.